88 விழுக்காடு என்ற எண்ணுக்குள் வராதவர்கள்

கேள்வி இதுதான்: கனடாவில் பூர்வகுடிப் பெண்களும் சிறுமிகளும் காணாமல் போகிறார்கள், கொல்லப்படுகிறார்கள், அதில் போலீஸ், நீதிமன்றங்களின் அமைப்புசார் இனவாதத்துக்குப் பங்கு உண்டு என்கிறார்கள். ஆனால் அந்நாட்டு மத்தியப் போலீஸான ஆர்.சி.எம்.பி. 2014இல் வெளியிட்ட அறிக்கைப்படி பூர்வகுடிப் பெண்களின் கொலை வழக்குகளில் 88 விழுக்காட்டில் துப்புத் துலங்கியிருக்கிறது. மற்றப் பெண்களுக்கு 89. ஒரு விழுக்காடுதான் வித்தியாசம் என்றால் இனவாதம் எங்கே இருக்கிறது?

அந்த எண் பொய்யில்லை. எதை எண்ணுகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. போலீஸ் தானே "கொலை" என்று பதிவு செய்த வழக்குகளில் எத்தனை முடிந்தன என்று மட்டுமே அது சொல்லும். ஒரு பெண்ணின் சாவு அந்தப் பெட்டிக்குள் போய் விழுவதற்கு முன் பல கைகளைத் தாண்ட வேண்டும். புகார் வாங்கும் குமாஸ்தா, முதலில் போகும் கான்ஸ்டபிள், பிண ஆய்வு அதிகாரி, அரசு வழக்கறிஞர் என்று ஒவ்வொரு கையிலும் ஒருவர் உட்கார்ந்து "இதற்கு எவ்வளவு மெனக்கெடலாம்?" என்று தீர்மானிக்கிறார். அவர் பூர்வகுடிகளை வெறுப்பவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. "இவளைப் போன்றவர்கள் இப்படித்தான், நாலு நாளில் வந்துவிடுவார்கள்" என்ற ஒரு நினைப்பு எல்லாக் கைகளிலும் பொதுவாக இருந்தால் போதும். கோப்பு தானாகவே இளைத்துக்கொண்டு போகும்.

முதலில் அந்த அறிக்கையையே முழுசாகப் பார்ப்போம். மொத்தம் 1,181 பேர். 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்டவர்கள் 1,017, காணாமல் போனவர்கள் 164. கனடாவின் பெண்களில் பூர்வகுடியினர் 4.3 விழுக்காடு. ஆனால் கொலையான பெண்களில் அவர்கள் 16 விழுக்காடு, காணாமல் போன பெண்களில் 11.3 விழுக்காடு. 225 வழக்குகள் அப்போது முடியாமல் இருந்தன. அவற்றில் 120தான் கொலை வழக்குகள். மீதி 105, சந்தேகத்துக்குரிய அல்லது காரணம் தெரியாத சூழலில் காணாமல் போனவர்களுடையவை. இந்த 105 பேர் 88 விழுக்காட்டுக் கணக்கில் வரவே மாட்டார்கள், ஏனென்றால் போலீஸ் கொலை என்று பதிவு செய்யாதவரை அது அந்தக் கணக்கில் கொலை ஆகாது.

அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. பாலியல் தொழிலில் இருந்ததாகப் போலீஸ் குறித்துவைத்த பெண்களின் கொலைகளில் துப்புத் துலங்கிய விகிதம் பூர்வகுடிகளுக்கு 60, மற்றவர்களுக்கு 65. கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களில் 12 விழுக்காட்டினருக்கு அந்தக் குறிப்பு இருந்தது. மற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கு. 88 என்ற சராசரிக்குள் இந்த 60 கரைந்துவிட்டது.

"கொல்வது அவர்கள் வீட்டு ஆண்கள்தானே" என்ற பதிலும் வழக்கமாக வரும். குடும்ப வன்முறை பெரிய பங்கு வகிக்கிறது என்பது உண்மை, எல்லா இனப் பெண்களுக்கும் அப்படித்தான். ஆனால் அதே அறிக்கைப்படி கணவனோ உடன் வாழ்பவனோ கொன்றது பூர்வகுடிப் பெண்களில் 29 விழுக்காடு, மற்றவர்களில் 41. வெறும் அறிமுகக்காரர் கொன்றது பூர்வகுடிப் பெண்களில் 30, மற்றவர்களில் 19. வீட்டுக்கு வெளியே இருக்கும் ஆபத்து அவர்களுக்கு ஒப்பீட்டளவில் கூடுதல் என்பதே இதன் பொருள்.

எண்ணிக்கையே எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கனடா பூர்வகுடிப் பெண்கள் சங்கம் செய்தித்தாள்கள், குடும்பத்தார், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கையால் திரட்டி, 2010 மார்ச்சில் 582 பெயர்கள் கொண்ட பட்டியலை வைத்திருந்தது. அந்த ஆண்டே அந்தப் பட்டியல் வேலைக்கான மத்திய அரசு நிதி நின்றுபோனது. நாலு வருடம் கழித்து அரசின் சொந்தப் போலீஸ் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. சங்கம் மிகைப்படுத்துகிறது என்ற பேச்சுக்கு அதன்பின் இடமில்லை. இந்த 1,181உம் முழு எண் என்று சொல்ல முடியாது. இறந்தவரின் இனம் என்ன என்ற கட்டத்தைப் பல போலீஸ் துறைகள் பல வருடங்கள் காலியாகவே விட்டன. நிரப்பினாலும், நிரப்பியவர் உடலின் நிறத்தையும் முகத்தையும் பார்த்து ஊகித்ததாக இருக்கும். தோல் வெளுத்த மேட்டிஸ் (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சத்து) பெண் வெள்ளைக்காரியாகப் பதிவாகிவிடுவாள். 1985 வரை, பூர்வகுடி அல்லாதவரை மணந்த பெண்ணின் சட்டப்படியான பூர்வகுடி அந்தஸ்தே பறிபோனது. அவள் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. ஊரை விட்டு நகரத்துக்கு வந்து தனித்துப்போன குடும்பங்கள் பல அந்தச் சட்டத்தால் உண்டானவை.

இனி அந்தக் கைகளுக்கு வருவோம்.

முதல் கை, புகார் வாங்குபவர். 24 மணி நேரம் பொறுத்துத்தான் புகார் தர வேண்டும் என்று கனடாவில் எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் "காத்திருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களின் சாட்சியம் விசாரணை ஆணையங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒழுங்காக நடந்தால் அன்றைக்கே ஆபத்து அளவு மதிப்பிடப்பட வேண்டும், தேசியப் போலீஸ் கணினியில் பெயர் ஏற வேண்டும், கடைசியாகப் பார்த்தவரிடம் பேச வேண்டும், கைப்பேசி, வங்கி அட்டை, பேருந்து நிலையக் கேமரா ஆகியவற்றைப் பாதுகாக்கச் சொல்ல வேண்டும். கேமராப் பதிவு பல இடங்களில் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். ஆகவே முதல் வாரச் சோம்பேறித்தனத்தைப் பிறகு எத்தனை அதிகாரிகளைப் போட்டாலும் ஈடுகட்ட முடியாது. குடிப்பழக்கம், போதை, அடிக்கடி வீட்டைவிட்டுப் போதல் ஆகியவை ஒருத்திக்கு ஆபத்து கூடுதல் என்று காட்டும் அறிகுறிகள். நடைமுறையில் அவையே தேடாமல் இருப்பதற்குச் சாக்காக மாறின. தலைகீழான இந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடி.

வினிபெக்கில் 2014 ஆகஸ்ட் 8 அதிகாலை நடந்ததைப் பாருங்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு டிரக்கை நிறுத்துகிறார்கள். ஓட்டியவர் ஒரு ஆண்; பக்கத்தில் 15 வயதுச் சிறுமி, சகீங் முதற்குடியைச் ("ஃபர்ஸ்ட் நேஷன்" எனப்படும் பூர்வகுடிச் சமூகம்) சேர்ந்த டீனா ஃபான்டேன். அவள் குழந்தைகள் நலத்துறையின் பொறுப்பில் இருந்தவள், காணவில்லை என்று ஏற்கெனவே புகார் இருந்தது. பெயரைக் கேட்டார்கள், சரிபார்த்தார்கள், போகவிட்டார்கள். சில மணி நேரத்தில் அவள் நகரின் மையத்தில் ஒரு சந்தில் மயங்கிக் கிடந்தாள். மருத்துவமனைக்கு எடுத்துப்போய், நலத்துறை ஊழியர் கூட்டிவந்து ஒரு ஹோட்டலில் தங்கவைத்தார். அங்கிருந்து வெளியே போனவள் திரும்பவில்லை. ஆகஸ்ட் 17 அன்று ரெட் ஆற்றில் ஒரு போர்வை உறைக்குள் சுற்றிக் கல் கட்டிய நிலையில் உடல் கிடைத்தது. ஒரே நாளில் போலீஸ், ஆம்புலன்ஸ், மருத்துவமனை, நலத்துறை என்று நாலு துறைகளின் கையில் இருந்திருக்கிறாள். 2018 பிப்ரவரியில், குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். யாரும் தண்டிக்கப்படவில்லை.

இரண்டாவது சிக்கல், எல்லை. "எங்க லிமிட் இல்லை" என்ற வசனம் நம் ஊர் ஸ்டேஷன்களில் கேட்டுப் பழகியதுதான். கனடாவில் நகரப் போலீஸ், மாகாணப் போலீஸ், ஆர்.சி.எம்.பி., முதற்குடிகளின் சொந்தப் போலீஸ் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு பெண் ரிசர்வில் (பூர்வகுடிகளுக்கு ஒதுக்கப்பட்ட நிலம்) பிறந்து, ஒரு நகரத்தில் வசித்து, இன்னொரு ஊரில் காணாமல் போனால் கோப்பு பந்தாடப்படும். இதன் உச்சம் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வான்கூவர். நகரத்தின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியிலிருந்து பெண்கள் மறைந்தார்கள். அது நகரப் போலீஸின் எல்லை. அவர்களில் பலரைக் கொன்ற ராபர்ட் பிக்டனின் பன்றிப் பண்ணை பக்கத்து ஊரான போர்ட் கொக்விட்லத்தில், அது ஆர்.சி.எம்.பி. எல்லை. 1997 மார்ச்சில் ஒரு பெண் கையில் விலங்கோடு, கத்திக்குத்துக் காயங்களோடு அந்தப் பண்ணையிலிருந்து தப்பி வந்தார். கொலை முயற்சி வழக்குப் பதிவானது. 1998 ஜனவரியில், அவர் போதைப் பழக்கம் உள்ளவர், நம்பகமான சாட்சியாக நிற்கமாட்டார் என்று அரசுத் தரப்பே வழக்கை நிறுத்தியது. அன்று கைப்பற்றிய துணிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போனது 2004இல். அவற்றில் வேறு பெண்களின் மரபணு இருந்தது.

பிக்டன் பிடிபட்டது 2002 பிப்ரவரியில், துப்பாக்கி வைத்திருக்கிறானா என்று பார்க்கப் போன ஒரு சோதனையில். பண்ணையில் 33 பெண்களின் மரபணு கிடைத்தது. 2007இல் ஆறு கொலைகளுக்குத் தண்டனை. மீதி 20 குற்றச்சாட்டுகள் நிறுத்திவைக்கப்பட்டன. மறைந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பூர்வகுடி, அந்த மாகாண மக்கள்தொகையிலோ பூர்வகுடிப் பெண்கள் மிகச் சிறு பங்கு. இந்த வழக்குகளைப் போலீஸ் கையாண்ட விதத்தை விசாரித்த வாலி ஓப்பல் ஆணையம் 2012 டிசம்பரில் கொடுத்த அறிக்கை புகார் வாங்கியதில் தொடங்கி, ஆபத்தை மதிப்பிட்டது, போலீஸ் துறைகளுக்கிடையே தகவல் பகிர்ந்தது வரை தோல்விகளை வரிசையாக அடுக்கியது. அதிகாரிகள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று ஓப்பல் சொல்லவில்லை. அமைப்பிலேயே பாரபட்சம் ஊறியிருந்தது என்றார். நகரப் போலீஸுக்குள்ளேயே, தொடர் கொலைகாரன் ஒருவன் இருக்கிறான் என்று புவியியல் முறையில் கணித்துச் சொன்ன கிம் ராஸ்மோ என்ற அதிகாரி இருந்தார். கேட்பாரில்லை.

அதே மாகாணத்தின் வடக்கே பிரின்ஸ் ரூபர்ட்டிலிருந்து பிரின்ஸ் ஜார்ஜ் வரை ஓடும் 16ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் கண்ணீர்ச் சாலை என்று பெயர். சுமார் 720 கிலோமீட்டர். வழியில் பூர்வகுடிச் சமூகங்கள், காடு, பல வருடங்களாகச் சிக்னல் கிடைக்காமல் இருந்த நீண்ட பகுதிகள். கார் இல்லாதவர்கள் மருத்துவரைப் பார்க்கவோ வேலைக்குப் போகவோ கட்டைவிரலை நீட்டி லிஃப்ட் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. 2005இல் தொடங்கிய இ-பானா சிறப்புப் புலனாய்வின் பட்டியலில் 1969க்கும் 2006க்கும் இடையே நடந்த 18 வழக்குகள் இருக்கின்றன. அங்குள்ள குடும்பங்கள் சொல்லும் எண்ணிக்கை இதைவிட மிக அதிகம். காரணம் எளிது: குறிப்பிட்ட சில நெடுஞ்சாலைகளை ஒட்டிக் கடைசியாகக் காணப்பட்டவர் அல்லது உடல் கிடைத்தவர், லிஃப்ட் கேட்டுப் பயணித்தவர் என்ற வரையறைக்குள் வந்தவர்களை மட்டுமே அந்தப் பட்டியல் ஏற்றது. 2006இல் நடந்த மாநாட்டில் 33 பரிந்துரைகள் வந்தன, அதில் முக்கியமானது ஊர்களை இணைக்கும் பேருந்து. ஓடத் தொடங்கியது 2017இல். ஒரு பேருந்துக்கு 11 வருடம். இந்தப் பேருந்து தொடர்பான மின்னஞ்சல்களை அரசு ஊழியர்கள் அழித்துவிட்டார்கள் என்று 2015இல் மாகாணத் தகவல் ஆணையர் அறிக்கை கொடுத்தது தனிக் கதை.

மூன்றாவது கை, "சந்தேகத்துக்கு இடமில்லை" என்று எழுதும் பேனா. ஆற்றில் உடல், பனியில் உடல், போதை மருந்து, தற்கொலை போலத் தெரியும் சாவு. காட்சி இடத்திலேயே ஒருவர் இப்படி முடிவு கட்டிவிட்டால் அந்த இடம் குற்ற இடமாகக் காக்கப்படாது, நகத்தடிப் பொருட்கள் சேகரிக்கப்படாது, சுற்றியிருந்தவர்களிடம் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கப்படாது. பிறகு மறுவிசாரணை கேட்டால், "ஆதாரமில்லை" என்பார்கள். ஆதாரம் ஏன் இல்லை என்பதற்குப் பதில் அந்த முதல் பேனாவில் இருக்கிறது. ஒன்டாரியோவின் தண்டர் பே நகரப் போலீஸ் பற்றி 2018 டிசம்பரில் வந்த கண்காணிப்பு அறிக்கை இதைத்தான் காட்டியது. பூர்வகுடிகளின் சாவுகளை உரிய விசாரணை இல்லாமலே விபத்து என்று முடித்துவைத்திருந்தார்கள், அந்தத் துறையில் நிறுவன மட்டத்திலேயே இனவாதம் இருக்கிறது, ஒன்பது சாவுகளை மீண்டும் விசாரிக்க வேண்டும் என்றது அது. இந்தச் சாவுகள் எதுவும் எந்தத் துப்புத் துலங்கல் விகிதத்தையும் கெடுத்திருக்காது. கொலைப் பெட்டிக்குள் போகவில்லையே.

போலீஸே தாக்குபவராக இருக்கும்போது என்ன ஆகும்? கியூபெக்கின் வால்-டோரில் பூர்வகுடிப் பெண்கள் மாகாணப் போலீஸ்காரர்கள் தங்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகவும், ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாகவும் 2015 அக்டோபரில் தொலைக்காட்சியில் சொன்னார்கள். எட்டு அதிகாரிகள் வேலையிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார்கள். விசாரித்தது இன்னொரு போலீஸ் துறை, மாண்ட்ரியால் நகரப் போலீஸ். 2016 நவம்பரில் அந்த ஊரில் பணியிலிருந்த அதிகாரிகள் யார் மீதும் வழக்கு இல்லை என்று அறிவிப்பு வந்தது. இதற்கிடையே மாகாணமெங்கும் போலீஸ்காரர்கள் வால்-டோர் சகாக்களுக்கு ஆதரவாக அந்தப் போலீஸ் நிலையத்தின் எண்ணான 144 பொறித்த சிவப்புக் கைப்பட்டையைப் பணியின்போதே அணிந்தார்கள். புகார் கொடுத்த பெண் ஒருத்தி மறுநாள் உதவி கேட்டு அழைத்தால் அந்தப் பட்டை கட்டிய கைதான் வந்து கதவைத் தட்டும். பிறகு மாகாண அரசு அமைத்த வியன்ஸ் விசாரணை ஆணையம் 2019 செப்டம்பரில் 142 பரிந்துரைகள் கொடுத்தது.

இந்தப் பயம் கற்பனையல்ல என்பதற்கு இன்னொன்று. பிரின்ஸ் ஜார்ஜில் மாகாண நீதிபதியாக இருந்த டேவிட் ராம்சே, தன் நீதிமன்றத்துக்கு வந்த பூர்வகுடிச் சிறுமிகளையே பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை 2004இல் ஒப்புக்கொண்டு ஏழு வருடத் தண்டனை பெற்றார். 12 வயதுச் சிறுமியும் அவர்களில் இருந்தாள். அந்த ஊரில் ஒரு பூர்வகுடிச் சிறுமி போலீஸிடம் போகத் தயங்கினால், "ஏன் ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதுவது எளிது.

நீதிமன்றத்துக்கு வந்தால், மனிடோபாவின் தி பா ஊரில் 1971 நவம்பரில் க்ரீ என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த 19 வயது மாணவி ஹெலன் பெட்டி ஆஸ்போர்ன் கொல்லப்பட்டார். நாலு வெள்ளை இளைஞர்கள் காரில் கடத்திப்போனார்கள். ஊரில் பலருக்குச் சில மாதங்களிலேயே பெயர்கள் தெரியும். போலீஸுக்கு மொட்டைக் கடிதமும் வந்தது. வழக்கு நடந்தது 16 வருடம் கழித்து, 1987இல். ஒருவருக்குத் தண்டனை, ஒருவருக்கு விடுதலை, ஒருவர் அப்ரூவர், ஒருவர் மீது வழக்கே இல்லை. ஜூரியில் ஒரு பூர்வகுடிகூட இல்லை. காரணம் சொல்லாமலே ஜூரர்களை நிராகரிக்கும் உரிமை வழக்கறிஞர்களுக்கு அப்போது இருந்தது. அந்த உரிமை நீங்கியது 2019இல்.

ரெஜைனாவில் 1995இல் பமேலா ஜார்ஜ் என்ற பூர்வகுடிப் பெண்ணைக் கொன்ற இரண்டு கல்லூரி விளையாட்டு வீரர்களின் வழக்கில், கொல்லப்பட்டவர் பாலியல் தொழிலாளி என்பதைச் சம்மதம் பற்றி யோசிக்கும்போது நினைவில் வைக்கும்படி நீதிபதியே ஜூரியிடம் சொன்னார். கொலைக் குற்றம், கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாகச் சுருங்கியது, ஆறரை வருடம்.

எட்மன்டனின் சிண்டி க்ளாடு வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சட்டம் இருந்தும் அது எப்படி வேலை செய்யாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 36 வயது, மூன்று பிள்ளைகளின் தாய். 2011 ஜூனில் ஒரு ஹோட்டல் குளியல் தொட்டியில் இரத்தம் போய் இறந்து கிடந்தார். கனடாக் குற்றவியல் சட்டத்தின் 276ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்ட பெண்ணின் முந்தைய பாலியல் வாழ்க்கையைச் சாட்சியமாகக் கொண்டுவர எதிர்த்தரப்பு தனியாக மனுப் போட வேண்டும். ஜூரி இல்லாமல் நீதிபதி அதை விசாரித்து அனுமதித்தால்தான் பேசலாம். 2015 விசாரணையில் அந்த மனுவே போடப்படவில்லை. எதிர்த்தரப்பு பேசியது, அரசுத் தரப்பு எதிர்க்கவில்லை, நீதிபதி நிறுத்தவில்லை. மூன்று பேரில் ஒருவர் தன் வேலையைச் செய்திருந்தாலும் போதும். "நேட்டிவ்", "பாலியல் தொழிலாளி" என்ற சொற்கள் அவர் பெயருக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப ஒலித்தன. உச்சமாக, பதப்படுத்தி வைத்திருந்த அவருடைய இடுப்புப் பகுதித் திசுவையே ஜூரி முன் காட்சிப் பொருளாகக் கொண்டுவந்து வைத்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட டிரக் ஓட்டுநர் விடுதலை. 2017இல் ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணையை உறுதிசெய்து, பூர்வகுடிப் பெண்கள் மீதான முன்முடிவுகளை ஒதுக்கிவைக்கும்படி நீதிபதிகள் ஜூரிக்கு வெளிப்படையாக அறிவுறுத்த வேண்டும் என்றது. 2021இல்தான் தண்டனை வந்தது: பன்னிரண்டரை வருடம்.

அதே நகரத்தில் 2015இல், பாலியல் தாக்குதலுக்கு ஆளான வீடற்ற க்ரீ பெண் ஒருவர் சாட்சிக் கூண்டில் சோர்ந்து தூங்கி வழிந்தார். ஒழுங்காகத் திரும்பி வரமாட்டார் என்று அஞ்சி, சாட்சி சொல்லி முடியும்வரை அவரைச் சிறையில் வைக்க உத்தரவானது. ஐந்து இரவுகள். கால்விலங்கோடு வந்து சாட்சி சொன்னார். தன்னைத் தாக்கியவனோடு ஒரே சிறை வேனில் ஏற்றப்பட்டார். இரவுக்கு ஒரு ஹோட்டல் அறை, காலையில் ஒரு ஆள் துணை என்று யாருக்கும் தோன்றவில்லை. மாகாண நீதி அமைச்சர் பின்னால் மன்னிப்புக் கேட்டபோது அந்தப் பெண் உயிரோடு இல்லை.

பாதுகாப்பு என்று வரும்போது கைக்கு எட்டாத அதே சட்டம், பிடித்து உள்ளே போடும்போது நன்றாகவே எட்டுகிறது. மத்தியச் சிறைகளில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பூர்வகுடிகள். பூர்வகுடிக் குற்றவாளியின் பின்னணியைக் கணக்கிலெடுத்துத் தண்டிக்க வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் இந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் வந்தது.

2016இல் தொடங்கிய தேசிய விசாரணை ஆணையம், மரியன் புல்லர் தலைமையில், 2019 ஜூன் 3 அன்று 231 கோரிக்கைகளோடு அறிக்கை கொடுத்தது. நடப்பதை இனப்படுகொலை என்றே அது பெயரிட்டது. அந்தச் சொல்லைப் பற்றி நடந்த சச்சரவில் 231உம் ஓரமாகப் போனது என்பது என் எண்ணம். போலீஸ் பற்றிய பகுதிதான் அதில் அதிகம் படிக்கப்பட வேண்டியது. அதிகம் படிக்கப்படாததும் அதுவே.

அறிக்கைக்குப் பிறகும் மெனக்கெடலின் அளவு எப்படி முடிவாகிறது என்பதற்கு வினிபெக் குப்பைமேடு உதாரணம். 2022இல் நான்கு பூர்வகுடிப் பெண்களைக் கொன்ற தொடர் கொலைகாரனின் வழக்கில், மார்கன் ஹாரிஸ், மார்செடிஸ் மைரன் இருவரின் உடல்களும் நகருக்கு வெளியே உள்ள ப்ரெய்ரி கிரீன் குப்பைமேட்டில் இருக்கின்றன என்று போலீஸே நம்பியது. ஆனால் டிசம்பரில், தேடப்போவதில்லை என்று அறிவித்தது. தகவல் தெரியும்போது 34 நாள் ஆகிவிட்டது, அதற்குள் சுமார் 10,000 லோடு குப்பை விழுந்துவிட்டது, ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிறது என்றது. தேடலுக்கு 18.4 கோடி டாலர் வரை ஆகலாம் என்று ஒரு சாத்தியக்கூறு ஆய்வு மதிப்பிட்டது. 2023 மாகாணத் தேர்தலில் ஆளுங்கட்சி, தேடமாட்டோம் என்பதையே விளம்பரமாகப் போட்டுத் தோற்றது. புதிய அரசு 2024 டிசம்பரில் தேடலைத் தொடங்கியது: எந்த நாள் எந்த லாரி எங்கே கொட்டியது என்ற பதிவை வைத்துக் குறிப்பிட்ட பகுதியைத் தோண்டி, குப்பையை ஒரு கொட்டகைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி, பாதுகாப்பு உடையணிந்தவர்கள் கையால் கிளறிப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள், 2025 பிப்ரவரி இறுதியில், எச்சங்கள் கிடைத்தன. மார்ச்சில் இருவருடையதும் அடையாளம் காணப்பட்டது.

கடைசியாக, அங்கே வசிக்கும் யாருக்காவது பயன்படலாம் என்பதால் நடைமுறை விஷயம். புகார் கொடுக்கும்போது கோப்பு எண், அதிகாரியின் பெயர், ஆபத்து அளவை என்னவென்று குறித்தார் என்பது மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேசியக் கணினியில் ஏற்றியாயிற்றா என்று மறுநாள் அழைத்துக் கேளுங்கள். குற்றம் நடந்ததாக ஆதாரம் இல்லாவிட்டாலும் நீதிமன்ற உத்தரவோடு கைப்பேசி, வங்கித் தகவலைப் பெறக் காணாமல் போனோர் சட்டம் பல மாகாணங்களில் இருக்கிறது; அதைப் பயன்படுத்தினீர்களா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ரொம்ப நாளாகிவிட்டால் நெருங்கிய உறவினர் மரபணு மாதிரி கொடுக்கலாம். 2018 முதல் தேசிய மரபணு வங்கியில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு, அந்த மாதிரியைக் குற்ற வழக்குகளில் உறவினருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. மாகாணங்கள்தோறும் உள்ள குடும்பத் தகவல் தொடர்புப் பிரிவுகள், போலீஸ், பிண ஆய்வு, நீதிமன்றம் மூன்றிலும் சிதறிக் கிடக்கும் தகவலைக் குடும்பத்துக்குச் சேகரித்துத் தரும். வழக்கு எவ்வளவு பழையதானாலும் கேட்கலாம். ஆர்.சி.எம்.பி. நடத்தை மீதான புகாருக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். கியூபெக்கில் பூர்வகுடி ஒருவர் போலீஸ் மீது கொடுக்கும் குற்றப் புகார் 2018 செப்டம்பர் முதல் தனி விசாரணை அமைப்புக்குப் போகிறது, அதே போலீஸிடம் போக வேண்டியதில்லை. "சந்தேகத்துக்கு இடமில்லை" என்று சொல்லிக் கோப்பை மூடினால், எந்த ஆதாரத்தை வைத்து, எந்தத் தேதியில், யார் முடிவெடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிறகு மறு ஆய்வுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம் அதுதான்.